மறுக்க வேண்டாம், மறுபடி மாட்ட வேண்டாம்: போலிப் பின்கள் குறித்த கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் பூங்கா நிர்வாகத்தார், ஒப்பந்தத்தில் பின் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள், இணையச் சந்தைகளை நடத்துவோர், அமெரிக்கச் சுங்கத்துறை. கடைசியாக, பூங்கா பெஞ்சில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பின் மாற்றும் எல்லோரும்.

1999 அக்டோபரில் புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டு புத்தாயிரக் கொண்டாட்டத்தைத் தொடங்கியபோது கூடவே ஒரு சின்ன விளையாட்டையும் தொடங்கி வைத்தது. பூங்கா ஊழியரின் கழுத்தில் லான்யார்டு எனப்படும் பட்டை தொங்கும். அதில் எனாமல் பின்கள் குத்தியிருக்கும். வருகிறவர் தன்னிடமுள்ள ஒன்றைக் கொடுத்துவிட்டு அதில் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். காசு கைமாறக் கூடாது. அடுத்த ஆண்டே இது கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டுக்குப் போனது. பிறகு பாரிஸ், ஹாங்காங், ஷாங்காய் பூங்காக்களும் எடுத்துக்கொண்டன. டோக்கியோவில் மட்டும் இந்தப் பழக்கம் நிலைக்கவில்லை.

இதில் கையெழுத்திடும் நாங்கள் அமெரிக்காவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள். ஊரிலிருந்து அக்கா குடும்பமோ தம்பி பிள்ளைகளோ வந்தால் ஆர்லாண்டோவுக்கோ அனஹைமுக்கோ கூட்டிப் போகாமல் இருக்க முடியாது. போனால் பிள்ளைகள் கழுத்தில் லான்யார்டு ஏறாமல் இருக்காது. எங்களில் பெரிய சேகரிப்பாளர்கள் என்று சொல்லிக்கொள்ள ஒரு சிலர்தான். வீட்டுக்கு வந்த மாமாவிடம்கூட வாய் திறக்காத பிள்ளை, முன்பின் தெரியாத ஊழியரிடம் தானாகப் போய் நின்று “இதை மாற்றிக்கொள்ளலாமா?” என்று கேட்கிறதே, அதற்காகவே மற்றவர்கள் இதைத் தொடர்கிறோம்.

அப்படிக் கேட்டு வாங்கி வருவது அசலா, டூப்ளிகேட்டா என்பதுதான் இப்போது பிரச்சினை.

இணையச் சந்தையில் டிஸ்னி பின் லாட் என்று தேடிப் பாருங்கள். இருபத்தைந்து, ஐம்பது, நூறு என்று மொத்தமாகக் கட்டி விற்கிறார்கள். கணக்குப் போட்டால் பின் ஒன்று ஒரு டாலருக்கும் கீழே வரும். பூங்காக் கடையிலோ சாதாரணப் பின்னுக்கே பத்து டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். விளம்பர வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். ‘அசல்’ என்ற சொல்லைப் பலரும் சாமர்த்தியமாகத் தவிர்த்திருப்பார்கள். ‘நூறு சதவீதம் மாற்றத்தக்கது, ஒரே டிசைன் இரண்டு வராது’ என்றிருக்கும். அந்த வாசகத்தில் பொய்யே இல்லை என்பதுதான் எங்கள் வயிற்றெரிச்சல்.

ஏனென்றால் பூங்காவின் மாற்று விதி இப்படி இருக்கிறது: பின் உலோகமாக இருக்க வேண்டும், சேதமில்லாமல் இருக்க வேண்டும், டிஸ்னியின் காப்புரிமை முத்திரை தாங்கியிருக்க வேண்டும். அந்த ஊழியரின் லான்யார்டில் ஏற்கெனவே உள்ள டிசைனாக இருக்கக் கூடாது. ஒரு ஊழியரிடம் ஒருவர் ஒரு நாளில் இரண்டுக்கு மேல் மாற்றக் கூடாது. இத்தனைக்கும் உட்பட்டுவிட்டால் ஊழியர் மறுக்க முடியாது. பின்னையே போலியாக அடிப்பவனுக்கு முத்திரையை அடிக்கத் தெரியாதா? ‘மாற்றத்தக்கது’ என்று விற்பவன் கொடுக்கும் வாக்கைப் பூங்காவின் விதி காப்பாற்றிக் கொடுக்கிறது. ஒரு டாலருக்கும் குறைந்த சரக்கு லான்யார்டில் ஒரு முறை ஏறி இறங்கிவிட்டால் போதும், ‘டிஸ்னி ஊழியரே கொடுத்த பின்’ ஆகிவிடுகிறது.

எங்கள் குடும்பம் ஒன்றில் எட்டு வயதுப் பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக அவனுடைய சித்தப்பா இப்படி ஒரு லாட் வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்த டொனால்ட் டக் பின்னை எடுத்துக்கொண்டு, பெஞ்சில் பின் பையை விரித்து உட்கார்ந்திருந்த வயதான சேகரிப்பாளர் ஒருவரிடம் போனான் பையன். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார், விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுத் தடவினார், “இது ஸ்க்ராப்பர், தம்பி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். போலிப் பின்னுக்குச் சேகரிப்பாளர்கள் சொல்லும் பெயர் அது. பத்தடி தள்ளி நின்ற ஊழியரிடம் பையன் அதையே நீட்டினான். அவர் சிரித்த முகத்தோடு வாங்கி மாட்டிக்கொண்டார். விதிப்படி அவர் செய்தது சரி. பெரியவர் செய்ததும் சரி. நாங்கள் அங்கிருந்து நகர்வதற்குள் பூனைக்காது வளையம் போட்ட ஒரு சிறுமி அந்த டொனால்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இந்தச் சாசனம் அந்தச் சிறுமிக்காக எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவர் நகத்தால் எதைத் தேடினார் என்று சொல்ல வேண்டும். நல்ல ஹார்டு எனாமல் பின்னை, உலோகத் தகட்டில் அச்சு அடித்து, குழிகளில் நிறம் நிரப்பி, சூட்டில் இறுக வைத்து, நிறமும் உலோகக் கோடும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை தேய்த்து, பிறகு முலாம் பூசிச் செய்வார்கள். விரலை ஓட்டினால் எங்கும் தட்டுப்படாது. போலியில் இந்தத் தேய்ப்பு வேலைதான் முதலில் காணாமல் போகும். நிறம் குழிக்குள் அமுங்கியிருக்கும், அல்லது கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். டொனால்டின் சட்டை நீலம் ஊதாப் பக்கம் சாய்ந்திருக்கும். வெள்ளைப் பகுதியில் கரும்புள்ளிகள் தெரியும். விளிம்பு பிசிறடித்து நகத்தில் மாட்டும். முதுகுப்புறத்தில் சின்னச் சின்ன மிக்கி தலைகள் வரிசையாகப் பதிந்திருக்கும். பெரும்பாலான அசலில் அந்த வரிசை விளிம்புவரை ஓடி அங்கே வெட்டுப்படும், போலியில் பல நேரம் சுற்றிலும் வெறும் கரை விட்டிருக்கும். ஊசியை ஒட்டி இரண்டு சிறு முளைகள் இருக்க வேண்டும், பின் சுழலாமல் பிடித்துக்கொள்ள. அவையும் சிலவற்றில் இருக்காது.

இதெல்லாம் குறிப்புதான், தீர்ப்பு கிடையாது. பழைய அசல் பின்கள் பலவற்றின் முதுகில் மிக்கி தலைகளே இருக்காது. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை பூச்சும் எடையும் மாறும். முதுகை மட்டும் பார்த்துவிட்டு அரை நொடியில் தீர்ப்பெழுதும் நிபுணர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே போகிறோம்.

*முதல் கோரிக்கை, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால்: பிள்ளைகள் நீட்டும் பின்னை ஊழியர் மறுக்க வேண்டாம், வாங்கிய பின்னை மறுபடி லான்யார்டில் மாட்டவும் வேண்டாம்.*

சேகரிப்பாளர்கள் பலர் இதற்கு நேர் எதிராகக் கேட்கிறார்கள். ஊழியருக்குப் பயிற்சி கொடு, போலி என்று தெரிந்தால் அங்கேயே திருப்பியடிக்கச் சொல் என்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டோ ராட்டினத்தின் பெல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டோ நிற்கும் ஊழியர் பூதக்கண்ணாடியை எடுக்க முடியாது. எடுத்தாலும் அசலையே போலி என்று சொல்லிவிடும் ஆபத்து உண்டு. சரியாகவே சொன்னாலும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது ஆறு வயதுப் பிள்ளை. அது போலிப் பின் செய்யவில்லை, விற்கவும் இல்லை. வங்கிக் கவுன்டரில் கள்ளநோட்டு வந்தால் அதை மறுபடி புழக்கத்தில் விட மாட்டார்கள். அந்த ஒரு பாதி எங்களுக்கு வேண்டும். நீட்டியவரை நிற்க வைத்து விசாரிக்கும் மறுபாதி வேண்டாம்.

நடைமுறையில் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஊழியரின் இடுப்பில் ஒரு சிறு பை இருக்கட்டும். வாங்கிய பின் அதற்குள் விழட்டும். லான்யார்டில் காலியான இடத்தை நிறுவனம் கொடுத்த இருப்பிலிருந்து நிரப்பட்டும். பணிநேரம் முடிந்ததும் பைகள் உள்ளே ஒரு மேசைக்குப் போகட்டும். அங்கே பயிற்சி பெற்ற இரண்டு பேர் தரம் பிரித்து, அசலை லான்யார்டுக்கும் போலியை உடைப்பதற்கும் அனுப்பட்டும். சந்தேகமானதையும் உடைத்துவிடலாம். புளோரிடாவில் சிறுவர்களுக்கென்றே பச்சை லான்யார்டு அணியும் ஊழியர்கள் இருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே நாளில் முடியாதென்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.

செலவு என்பீர்கள். பின்னை உற்பத்தி விலைக்கு எடுப்பது நீங்கள்தான். கடை விலை கொடுப்பது நாங்கள். போலி புழங்கப் புழங்க, பத்து டாலர் கொடுத்து வாங்கியதை லான்யார்டில் கொடுக்க எவருக்கும் மனம் வராது. நல்லதை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு லாட் சரக்கை மட்டும் கொண்டு வருவார்கள். இப்போதே அப்படித்தான் நடக்கிறது என்று லான்யார்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடையில் விற்கும் பின்னுக்கு மாற்றும் மதிப்பு இருக்கிறது என்ற நம்பிக்கை போனால் கடை வியாபாரத்துக்கும் சேதாரம் வரும்.

இன்னொரு கேள்வியை எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். லான்யார்டில் எல்லாம் அசலாகிவிட்டால், போலியைக் கொடுத்து அசலை அள்ளிக்கொண்டு போகிறவனுக்கு முன்னைவிடக் கொண்டாட்டம் ஆகாதா? ஆகும். இதை மழுப்ப முடியாது. ஒரு ஊழியரிடம் இரண்டு என்ற வரம்பு ஊழியரை மாற்றி மாற்றிப் போகிறவனைத் தடுப்பதில்லை. அதனால் இந்தக் கோரிக்கையோடு ஒரு நிபந்தனையையும் நாங்களே சேர்க்கிறோம்: பை நிறையச் சரக்கோடு வந்து நாள் முழுக்க ஊழியர் ஊழியராக ஏறி இறங்கும் பெரியவர்களை மறுக்கும் அதிகாரம் ஊழியருக்கு வேண்டும். டிஸ்னிலேண்டு ஏற்கெனவே மாற்றுப் பைகளின் அளவுக்கும் உட்காரும் இடத்துக்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அதே கண்டிப்பை இங்கேயும் காட்டலாம்.

*இரண்டாவது: ஹிடன் மிக்கி பின்களுக்குத் தனிக் காவல்.*

பின்னின் முகத்தில் ஒரு மூலையில் மிக்கி தலையின் சிறு நிழலுருவம் ஒளிந்திருக்கும் வரிசை இது. கடையில் தனியாக விற்பதில்லை, ஊழியரிடம் மாற்றித்தான் பெற வேண்டும் என்பதுதான் இதன் கவர்ச்சியே. விற்பனைக்கு வராத அந்தப் பின்தான் இணையத்தில் நூறு நூறாக விற்பனைக்கு வருகிறது. ஒருவர் பூங்காவில் நடையாய் நடந்து மாற்றியிருந்தாலும், ஒரே டிசைனில் மாதம் முழுக்க விற்கும் அளவுக்கு எப்படிச் சேர்ந்தது? இந்தக் கேள்வியைக் கேட்க எனாமல் நிபுணத்துவம் வேண்டியதில்லை. விளம்பரத்தைப் பார்த்த கணமே நிறுவனத்தின் சட்டப்பிரிவு கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு ஹிடன் மிக்கி வரிசையும் வெளிவந்த முதல் சில வாரங்களில் மொத்த விற்பனை விளம்பரங்களைத் தேடிப்பிடித்து நீக்கச் சொல்லுங்கள். அந்தச் சில வாரங்களில்தான் போலி விற்பவனுக்கு நல்ல விலை கிடைக்கும்.

*மூன்றாவது: அச்சுக்குக் கணக்கு.*

டிஸ்னி பின்களில் பெரும்பாலானவை சீனத் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத்தின் பேரில் செய்யப்படுகின்றன. ஸ்க்ராப்பர் என்ற பெயரே, தரத்தில் தோற்றுக் கழிவாக ஒதுக்கப்பட்டது என்ற பொருளில் புழங்குகிறது. கழித்த பின் உருக்கப்படாமல் வெளியே வந்ததா, ஆர்டர் முடிந்த பிறகும் அதே அச்சு ஓடியதா, அசல் ஒன்றை வைத்து வேறெங்கோ புதிதாக அச்சு எடுத்தார்களா என்று வாங்குகிறவர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறோம். விடை உங்களிடம் இருக்க வேண்டும். லிமிடெட் எடிஷன் பின்னின் முதுகில் எத்தனை அடிக்கப்பட்டது என்று பொறித்து விற்கிறீர்கள். அச்சு உயிரோடிருந்தால் அந்த எண்ணுக்கு என்ன மரியாதை? குறைந்த எண்ணிக்கையில் வரும் ஒவ்வொரு பின்னுக்கும் அச்சு அழிக்கப்பட்டதை நிறுவனப் பிரதிநிதி நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கழிவுப் பின்கள் எடை போட்டு உருக்கப்பட வேண்டும். அந்தப் பதிவைப் பொதுவில் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு பின்னிலும் க்யூஆர் குறியீடு அடியுங்கள் என்று கேட்கும்படி எங்களிடம் சிலர் வற்புறுத்தினார்கள். கேட்கப்போவதில்லை. முத்திரையை நகலெடுப்பவனுக்குக் குறியீடு ஒரு நாள் வேலை. தவிர, பட்டனளவு இருக்கும் ஒரு டிங்கர் பெல்லின் முதுகில் பார்கோடு போடுவது அசிங்கமாகவும் இருக்கும்.

*நான்காவது: அதிகாரபூர்வமான படப் பதிவேடு.* வெளியிடும் ஒவ்வொரு பின்னுக்கும் முகம், முதுகு இரண்டின் தெளிவான படம், வெளியான ஆண்டு, எண்ணிக்கை, தொழிற்சாலை மாறியதால் வந்த வேறுபாடு. இத்தனை ஆண்டுகளாக இந்த வேலையை ரசிகர்கள் ஊதியமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் படம் பிடிப்பதும் தங்கள் கைக்கு வந்த பின்னைத்தான். அதுவே போலியாக இருந்தால் பதிவும் போலிதான்.

*ஐந்தாவது, இணையச் சந்தைகளுக்கு.*

2023 ஜூன் 27 முதல் நடப்புக்கு வந்திருக்கும் இன்ஃபார்ம் நுகர்வோர் சட்டப்படி, தொடர்ச்சியான பன்னிரண்டு மாதத்தில் புதிய சரக்கை 200 முறையோ அதற்கு மேலோ விற்று 5,000 டாலர் எட்டும் விற்பனையாளர் யார் என்பதைச் சந்தையை நடத்துபவர் சரிபார்த்தாக வேண்டும். பின் லாட் வியாபாரிக்கு 200 என்பது சாதாரணம். 5,000 டாலரை எட்டாமல் இருக்கக் கணக்கைப் பிரித்துக்கொள்வதும் சாதாரணம். எனவே சட்டத்தின் வரம்போடு நிற்காதீர்கள். ஐம்பதுக்கு மேல் புத்தம்புதிய டிஸ்னி பின்களைக் கட்டாக விற்கிறவர் எங்கே கொள்முதல் செய்தார் என்று ரசீது கேளுங்கள். ‘மாற்றத்தக்கது’ என்ற வாசகத்தைப் பின் விளம்பரங்களில் தடை செய்யுங்கள். அசல் என்றால் அசல் என்று எழுதட்டும். எழுதிவிட்டுப் பொய்யானால் பணத்தைத் திருப்பித் தரட்டும். ஒருவர் வீட்டுப் பரணிலிருந்த பழைய சேகரிப்பை மொத்தமாக விற்றால் அவரைப் படுத்த வேண்டாம். அந்தப் பின்களில் பழைய கீறலும் கலவையான ஆண்டுகளும் இருக்கும். புதுச்சரக்குக் கட்டோடு அதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை.

*ஆறாவது, சுங்கத்துறைக்கு.* 2016 முதல் 800 டாலருக்குட்பட்ட பார்சல்கள் வரியும் முழு ஆவணமும் இல்லாமல் நாட்டுக்குள் வந்துகொண்டிருந்தன. நூறு பின் கொண்ட பொட்டலம் அந்த வரம்பின் பக்கத்தில்கூட வராது. சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வருபவற்றுக்கு அந்தச் சலுகை 2025 மே 2 அன்று நின்றது. ஆகஸ்ட் 29 முதல் மற்ற நாடுகளுக்கும் நின்றுவிட்டது. பின்களுக்காகச் செய்ததல்ல என்றாலும், இன்ன சரக்கு என்று எழுதித்தர வேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது. அந்தத் தாளைப் பயன்படுத்துங்கள். போலிச் சரக்கு வியாபாரம் 1984 முதல் கூட்டரசுக் குற்றம். வழக்கு மொத்தமாக இறக்குகிறவன் மேல் இருக்கட்டும், பிள்ளையின் லான்யார்டைப் பார்த்து வேண்டாம். ஒரு விஷயம் தனியாக: சிறுவர் பொருளில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்கையும், அதன் பெயின்டில் 90 பங்கையும் தாண்டக் கூடாது என்பது இங்குள்ள சட்டம். பெயர் தெரியாத பட்டறையில் செய்த பின்னை யார் சோதித்தார்கள்? ஊசியை மூடும் ரப்பர் மிக்கியைக் கழற்றி வாயில் போடும் வயதுப் பிள்ளைகளும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். பிடிபடும் சரக்கில் மாதிரி எடுத்துச் சோதித்து முடிவை வெளியிடுங்கள்.

*ஏழாவது எங்களுக்கே.* இதை எழுதுவதற்குள்தான் எங்களுக்குள் சத்தம் அதிகம் வந்தது. “லான்யார்டிலிருந்து வந்த போலியை லான்யார்டுக்கே திருப்பிக் கொடுத்தால் என்ன தப்பு? என் பிள்ளை மட்டும் ஏன் நஷ்டப்பட வேண்டும்?” என்று கேட்டார் ஒரு அம்மா. அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வாக்கெடுத்தோம், பெரும்பான்மை எதிர்த்தது, ஆனால் அவரும் அவரோடு நின்றவர்களும் அந்த வரியில் கையெழுத்திடவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம். மற்றவர்கள் ஒப்புக்கொண்டது இது: போலி என்று தெரிந்த பின்னை எவரிடமும் மாற்ற மாட்டோம். புதுச்சரக்கு லாட் வாங்க மாட்டோம், பரிசாகக் கொடுக்கவும் மாட்டோம், பயணம் போகும் உறவினருக்கு ‘மலிவாகக் கிடைக்கும், அள்ளிக்கொண்டு போங்கள்’ என்று யோசனை சொல்லவும் மாட்டோம். ரசிகர்கள் தாங்களே வரைந்து அடிக்கும் ஃபேன்டசி பின் கையிலிருந்தால், மாற்றுவதற்கு முன்பே இது டிஸ்னி வெளியிட்டதில்லை என்று சொல்லிவிடுவோம். விலை தெரியாத பிள்ளையிடமிருந்து லிமிடெட் எடிஷனைப் பளபளப்பான ஒன்றைக் காட்டி வாங்கும் பெரியவர்கள் எந்தப் பூங்காவிலும் உண்டு. போலி விற்பவனைவிட அவர்கள் மேல்தான் எங்களுக்குக் கோபம் அதிகம். அவன் முகம் தெரியாதவன். இவர்கள் பிள்ளையின் கண்ணைப் பார்த்துச் செய்கிறார்கள். பக்கத்தில் இருக்கும்போது நடந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டோம்.

பிள்ளை கையிலிருக்கும் போலியைப் பற்றிப் பிள்ளை முன்னால் பேசுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். பெற்றோரிடம் தனியாகச் சொல்வோம். அந்தப் பின் வீட்டில் பள்ளிப் பையிலோ குளிர்சாதனப் பெட்டிக் கதவிலோ இருந்துவிட்டுப் போகட்டும், பிடித்துத்தானே எடுத்தது.

எல்லாக் கோரிக்கைக்கும் கெடு வைக்கவில்லை. முதல் கோரிக்கைக்கு மட்டும் வைக்கிறோம்: வரும் கோடை விடுமுறை. புளோரிடாவில் ஏதாவது ஒரு பூங்காவில், பச்சை லான்யார்டுகளில் மட்டும், ஒரே ஒரு மாதம் இடுப்புப் பை முறையை நடத்திப் பாருங்கள். மாத முடிவில் அந்தப் பைகளில் விழுந்தவற்றில் எத்தனை அசல், எத்தனை போலி என்ற எண்ணிக்கையை வெளியிடுங்கள். மற்ற ஆறையும் பற்றி அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பேச உட்காரலாம்.